அடகுக்குப் போகாத ஈச்சம்புதர்

குளக்கரையில் ஓர் ஈச்சம்புதர். அதனடியில் பூவாத்தா என்ற காடை தன் நாலு குஞ்சுகளோடு குடியிருந்தாள். அந்தப் புதருக்குள் மழை இறங்காது. பருந்தின் கண்ணும் எட்டாது. அவளுக்கென்று இருந்த சொத்து அது ஒன்றுதான்.

அந்தச் சொத்தின் மேல் நரிக்கு ஒரு கண்!

"விதை வேணுமா? ஒரு படி தினை தர்றேன். அறுப்புக்கு ரெண்டு படி குடு. குடுக்கலேன்னா உன் இடம் எனக்கு!" கரையில் எல்லாரிடமும் நரி பேசும் பேச்சு இதுதான். அப்படித்தான் கௌதாரி குடும்பம் வீட்டை விட்டுவிட்டு வெட்டவெளியில் நின்றது.

அந்த வருஷம் நல்ல வறட்சி. யானையார் மனமிரங்கி, ஒரு குவியல் தானியத்தைக் கொண்டுவந்து கரையில் கொட்டினார். "எல்லாரும் எடுத்துக்கங்க!"

அடேயப்பா, என்ன தள்ளுமுள்ளு! காட்டுப்பன்றிகள் முட்டித் தள்ளின. பூவாத்தாவுக்குக் கிடைத்தது மிதிபட்டு நசுங்கிய தன் வால் இறகு ஒன்றுதான். பொழுது சாய்வதற்குள் அத்தனையும் வயிற்றுக்குள் போயாச்சு. விதைக்க ஒரு மணி மிஞ்சவில்லை.

முள்ளம்பன்றி அக்கா இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் வளையில் விதை நிறைய இருந்தது. ஐப்பசி மழை விழுந்ததும் நாவல்மரத்தடியில் கூட்டம் போட்டாள்.

"சும்மாவும் குடுக்க மாட்டேன், அடமானமும் கேக்க மாட்டேன்! நாலு பேர் ஒரு குழுவா வாங்க. ஆளுக்கு ஒரு படி விதை. தைப் பௌர்ணமிக்கு ஒரு படியும், அதுக்கு மேல ஒரு கைப்பிடியும் திருப்பிக் குடுங்க. ஒருத்தர் தவறினாலும் நாலு பேருக்கும் அடுத்த விதை கிடையாது!"

"சரிக்கா! ஆனா குழுவா உக்காரும்போது நீ மட்டும் தள்ளி உக்காரு, குத்துது!" என்றது அணில். எல்லாரும் சிரித்துவிட்டார்கள்.

காடை, அணில், வெள்ளச்சி என்ற முயல், எலி. இவர்கள் நாலு பேரும் ஒரு குழு. ஆளுக்கொரு கொல்லையில் விதைத்தார்கள். கடவுள் புண்ணியத்தில் பயிர் ஜோராக வந்தது! பூவாத்தாவின் தினையில் பால் பிடித்துவிட்டது.

மார்கழிக் கடைசியில் காட்டுப்பன்றிகள் அவள் கொல்லைக்குள் புகுந்தன. விடிந்து பார்த்தால் ஒரு தாள்கூட நிமிர்ந்து நிற்கவில்லை.

"சாமி! என் ஒருத்தியால மூணு குடும்பத்துக்கும் விதை இல்லாமப் போகணுமா?" என்று பூவாத்தா அழுதாள். வெட்கத்தில் யாரிடமும் சொல்லவும் இல்லை.

மோப்பம் பிடித்து நரி வந்துவிட்டது. "எதுக்குத் தங்கச்சி அழுவுற? ஒரு படியும் ஒரு கையும்தானே? நான் தர்றேன், அக்கா கடனைக் கட்டிடு. மானம் போகாது. புதரை மட்டும் எனக்கு அடகாச் சொல்லிடு!"

கடன் கட்டக் கடனா என்று மனசு அடித்துக்கொண்டது. வேறு வழி? பூவாத்தா நரிக்குப் பின்னால் நடந்தாள்.

மரத்திலிருந்து அணில் பார்த்துவிட்டது.

"எங்கடி போற?"

"ஒண்ணுமில்ல..."

"நரி வாலைப் பிடிச்சிட்டுப் போறது ஒண்ணுமில்லயா? வெள்ளச்சி! எலியண்ணே! ஓடியாங்க, ஓடியாங்க!"

முயல் நாலே தாவலில் வந்து குறுக்கே நின்றது. "கொல்லை போச்சுன்னு சொல்றதுக்கு வாயில்லயா உனக்கு?"

"சொன்னா திட்டுவீங்கன்னு..."

"திட்டத்தான் திட்டுவோம்! திட்டிட்டு, ஆளுக்குக் கொஞ்சம் போட்டுக் கட்டுவோம்! அதுக்குத்தானே குழு!"

"பேசினது பேசினதுதான்!" என்று நரி உறுமியது.

"அவ இன்னும் ஒரு மணிகூட உங்கிட்ட வாங்கல. நடையைக் கட்டுங்க நரியாரே!" என்றது எலி, முயலுக்குப் பின்னால் பத்திரமாக நின்றுகொண்டு.

தைப் பௌர்ணமி வந்தது. மற்ற மூவரும் தங்கள் பங்கோடு, பூவாத்தா பங்குக்கும் சேர்த்துக் கொண்டுவந்தார்கள். பூவாத்தாவுக்குப் பொய் சொல்ல வரவில்லை.

"அக்கா, இது நான் விளைவிச்சது இல்ல. என் கொல்லை பன்னிக்குப் போச்சு."

முள்ளம்பன்றி சடசடவென்று முள்ளைச் சிலிர்த்தாள்! நாலு பேரும் நாலு பக்கம் பதுங்கினார்கள்.

"எனக்கு என் மேலதான் கோவம்!" என்றாள் அவள். "விதையைக் குடுத்தேன், வேலியைப் பத்தி யோசிச்சேனா? கொல்லை அழிஞ்சா என்ன செய்யறதுன்னு ஒரு வார்த்தை பேசினேனா? பூவாத்தா, இந்தா மறுவிதை. உன் தவணை உன் அடுத்த அறுப்புக்கு. இவங்க உனக்காகக் கொண்டுவந்ததை இவங்களே எடுத்துக்கட்டும்."

அப்புறம் தன் வளையில் உதிர்ந்து கிடந்த முட்களையெல்லாம் அள்ளிக்கொண்டு வந்தாள். நாலு பேரும் சேர்ந்து கொல்லையைச் சுற்றி நட்டார்கள். அடுத்த முறை வந்த காட்டுப்பன்றிகள் போட்ட கூச்சல் அடுத்த காட்டுக்கே கேட்டது! வேடிக்கை பார்க்க வந்த நரிக்கும் மூக்கில் ஒன்று ஏறியது.

தினை விளைந்தது. பூவாத்தா ஒரு படியையும், அதற்கு மேல் ஒரு கைப்பிடியையும் தலை நிமிர்ந்து அளந்தாள். அந்தப் படி, அன்றைக்கே கௌதாரிக்கு விதையாகப் போனது.

ஏழைக்குக் கொடுப்பதோடு உதவி முடிந்துவிடாது. விழுந்தால் தூக்கிவிடப் பக்கத்தில் ஆளும் இருந்தால்தான் அது முழு உதவி.