பூத்தட்டின் ஆசை

முன்பொரு சமயம் கியோட்டோவில், தோட்டத்துக்கு நடுவே ஓர் உணவு விடுதி இருந்தது. பருவத்துக்கு ஒரு சமையல், பருவத்துக்கு ஒரு தட்டு என்பது அங்கே வழக்கம். செர்ரிப் பூ வரைந்த தட்டு, மரம் மொட்டு விடும்போது மேஜைக்கு வரும். முதல் பூ விரிந்த அன்றே பெட்டிக்குத் திரும்பிவிடும். அசல் பூவுக்கு எதிரே வரைந்த பூவை நீட்டுவது மரியாதையில்லை என்பது அந்த விடுதியின் சட்டம்.

ஆகவே தட்டு அந்த மரத்தைப் பூவோடு பார்த்ததே இல்லை. ஒருநாளாவது அதன் எதிரே உட்கார்ந்து, யார் அழகு என்று விருந்தாளிகள் வாயால் கேட்டுவிட வேண்டும். அதுதான் தட்டின் ஆசை.

"வீண் ஆசை," என்றது பெட்டியில் அதைச் சுற்றியிருந்த பழைய செய்தித்தாள். "ஒரு காலத்தில் எங்கோ தீப்பிடிக்கும். மறுநாள் காலை நானே பற்றவைத்து நானே அணைத்த மாதிரி வீட்டு வாசல்களில் போய் விழுவேன். அந்த மிடுக்கெல்லாம் போய், இப்போது பீங்கானுக்குப் போர்வை."

"உன்னைப் படித்துவிட்டு எறிந்தார்கள். என்னைக் கழுவிக் கழுவி வைக்கிறார்கள்."

"மீன் வாடை போக வேண்டாமா?" என்றது செய்தித்தாள்.

அந்த வசந்தத்திலும் முதல் பூ விரிந்தது. "பூத்தட்டைப் பெட்டியில் எடுத்து வையுங்கள்," என்றார் முதலாளியம்மா ஷிஸுகோ. அலமாரியில் இருந்த தட்டு, பக்கத்து வெள்ளைத் தட்டிடம் கெஞ்சியது: "சீக்கிரம், என் மேல் ஏறி உட்கார்."

"மாட்டினால் உன்னை விற்றுவிடுவார்களே!"

"என்னையா? மனசு வருமா?"

ஒரு வாரத்தில் மரம் முழுக்கப் பூத்தது. அன்று மதியம் சமையல்காரர் ஹிரானோ, வெள்ளைத் தட்டை எடுத்தபின் அடுத்துக் கைக்கு வந்த தட்டில் மூங்கில் இலை விரித்து மீன் துண்டை வைத்தார். கை தட்டில் இருந்ததே தவிர, கண் ஜன்னலுக்கு வெளியே மரத்தில் இருந்தது.

கும்பகோணத்திலிருந்து சுற்றுலா வந்த தாயுமானவனும் மனைவி மங்கையர்க்கரசியும் மரத்தடி மேஜையில் உட்கார்ந்திருந்தார்கள்.

"இம்புட்டுத் துண்டு மீனுக்கு இவ்வளவு பெரிய தட்டா, அரசி?"

"சாப்பாட்டையே பாக்காதீங்க. மேல பாருங்க, எப்படிப் பூத்திருக்குன்னு!"

இருவரும் அண்ணாந்தார்கள். மீன் தீரும்வரை குனியவே இல்லை. கடைசியில் மங்கையர்க்கரசி இலையை ஒதுக்கினாள்.

'இதோ, சொல்லப்போகிறாள்,' என்று தட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டது.

"ஏங்க, தட்டுல ஏதோ உதிர்ந்து கிடக்கு." விரலால் தள்ளினாள். நகரவில்லை. கைக்குட்டையால் தேய்த்தாள். "ஒட்டிக்கிட்டு வர மாட்டேங்குது. கறை போல."

அவள் சாய்ந்து தேய்த்தபோதுதான், அவள் தோளுக்குப் பின்னால் முழு மரமும் தட்டுக்குத் தெரிந்தது. காற்றில் ஒரு கிளை அசைந்தது.

"அடக் கிறுக்கே!" என்று தட்டு தன்னையே திட்டிக்கொண்டது. "இந்த மரத்தோடா நான் போட்டிக்கு வந்தேன்?"

அதற்குள் ஷிஸுகோ தட்டைப் பார்த்துவிட்டார். முகம் வெளிற, குனிந்து மன்னிப்புக் கேட்டபடி ஓடிவந்தார்.

"அம்மா, நிறுத்தாதீர்கள்," என்று கெஞ்சியது தட்டு. "இன்னும் கொஞ்சம் அழுத்தித் தேயுங்கள். பூ அழிந்து வெறுந்தட்டாகிவிட்டால் என்னைப் பெட்டிக்குள் வைக்க மாட்டார்கள். இங்கேயே இருந்து அந்த மரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன்."

மங்கையர்க்கரசியும் விடாமல்தான் தேய்த்தாள். ஆனால் சூளையில் சுட்டவன் நன்றாகவே சுட்டிருந்தான்.