தேருக்கு வண்டிக்காசு

வண்டியை நிறுத்தினதற்குக் காசு கேட்டால் கொடுத்துவிட்டுப் போகலாம். போகவிடாமல் வழியை அடைத்துவிட்டு, ஏன் நின்றாய் என்று காசு கேட்டால்? வயிறு எரியுமா, எரியாதா? மருதங்கோட்டையில் அதுதான் நடந்தது, கேளுங்கள்.

மருதங்கோட்டைச் சந்தைக்குப் பக்கத்தில் பவளமுத்து என்கிற பெரிய மனுஷருக்கு ஒரு புளியந்தோப்பு. சந்தைக்கு வருகிற வண்டியெல்லாம் அங்கேதான் நிற்கும். ராஜா உத்தமவேளின் அப்பா இனாமாகக் கொடுத்த தோப்பு அது. தோப்பும் அதன் வாசல் தெருவும் பவளமுத்துவுக்கே சொந்தம், அங்கே அவர் வைத்ததுதான் சட்டம் என்று வாக்கும் கொடுத்திருந்தார்.

மனுஷர் சும்மா இருப்பாரா? வாசலில் ஒரு கல்லை நட்டு விதி வெட்டிவிட்டார். உச்சிப்பொழுது தாண்டி நிற்கிற எந்த வண்டிக்கும் ஐந்து பொன். கட்டாவிட்டால் அந்த வண்டியை இழுப்பது எதுவோ, அதைப் பிடித்துத் தோப்பில் கட்டுவார்கள். காரணம் எதுவும் செல்லாது.

இதில் மாட்டிக்கொண்டவள் உப்பு விற்கிற வீராயி. தேரோட்டத்தன்று சீக்கிரமே உப்பை விற்று முடித்து, உச்சிக்கு முன்பே வண்டியைப் பூட்டிவிட்டாள். வாசலுக்கு வந்தால் எதிரே தேர் நிற்கிறது! தேர் நிற்கிற தெருவில் வேறு எந்தச் சக்கரமும் உருளக் கூடாது. அது அந்த ஊர் வழக்கம். தேர் நகர்ந்தபோது வெயில் சாய்ந்துவிட்டது. பவளமுத்துவின் ஆட்கள் வந்தார்கள், ஜோடியில் நல்லதாகப் பார்த்து மயிலைக் காளையை அவிழ்த்துக்கொண்டு போனார்கள்.

"முறையிட்டுக்கொள்" என்றார்கள். போனாள். முறையீடு கேட்க உட்கார்ந்திருந்தது யார் தெரியுமா? பவளமுத்துவின் மச்சினன்! நன்றாக இருக்கிறதல்லவா நியாயம்? அவன் வெற்றிலையை மென்றுகொண்டே, "காரணம் செல்லாது, போ" என்று கையை ஆட்டிவிட்டான்.

வீராயி நேரே அரண்மனைக்கு வந்துவிட்டாள்.

"மகாராசா, ஒத்தை மாட்டை வச்சிக்கிட்டு நான் எப்படிப் பொழைப்பேன்? வீட்டுல இருக்கிற செவலை தண்ணியில வாய் வைக்க மாட்டேங்குது. ஜோடியைத் தேடி வாசலையே பாத்துக்கிட்டு நிக்குதுங்க" என்று அழுதாள்.

ராஜாவுக்கு மனசு கேட்கவில்லை. ஆனால் அப்பா கொடுத்த வாக்கு இருக்கிறதே! பக்கத்தில் இருந்த தம் மந்திரி அம்பலவாணரைப் பார்த்தார்.

"அம்பலவாணரே, இவளுடைய காளை வீடு திரும்ப வேண்டும். ஒரு காசு கட்டக் கூடாது. நானும் உத்தரவு போட மாட்டேன். பவளமுத்து தன் வாயாலேயே விட்டுவிடுகிறேன் என்று சொல்ல வேண்டும். முடியுமா?"

"வாய்தானே மகாராஜா? அது அவரிடம் தாராளமாகவே இருக்கிறது" என்றார் அம்பலவாணர்.

மறுநாள் ஆள் அனுப்பியதும் பவளமுத்து பட்டும் மோதிரமுமாகச் சபைக்கு வந்தார். வீராயி ஒரு தூணோரம் நின்றுகொண்டிருந்தாள்.

"வாருங்கள் ஐயா! தேரோட்டத்தில் இந்த வருஷமும் முதல் மரியாதை உங்களுக்குத்தானாமே?" என்று ஆரம்பித்தார் அம்பலவாணர்.

"பின்னே? பரிவட்டம் கட்டிக்கொண்டு முதலில் வடத்தில் கை வைக்கிறவன் நானாயிற்றே!"

"ஆனால் ஊரில் வேறு மாதிரி பேசிக்கொள்கிறார்கள். தேர் உங்களுக்காக நிற்கவே இல்லையாம். சக்கரத்தடியில் முட்டுக்கட்டை சிக்கிக்கொண்டதாம், அதனால் நின்றதாம்."

பவளமுத்துவுக்கு மூக்குமேல் கோபம் வந்தது. "எவன் சொன்னான்? தேர் எனக்காகத்தான் நின்றது! நான் ஆற அமரக் குளித்து, பட்டு உடுத்தி வருகிற வரைக்கும் சாமியே காத்திருந்தார்!"

"உச்சிப்பொழுது தாண்டியுமா?"

"வெயில் சாய்கிற வரைக்கும்!"

"அடேயப்பா! ஆனால் நின்றது பொதுத் தெருவில்தானே?"

"யார் சொன்னது? என் வாசல், என் தெரு! அங்கே முளைக்கிற புல்கூட என்னுடையதுதான்!"

அம்பலவாணர் ராஜா பக்கம் திரும்பினார். "கேட்டீர்களா மகாராஜா? ஐயாவின் இடத்தில் உச்சிப்பொழுது தாண்டி ஒரு பெரிய வண்டி நின்றிருக்கிறது. இன்னும் காசு கட்டவில்லை."

"எந்த வண்டி?" என்றார் பவளமுத்து.

"தேர்தான். எந்த வண்டிக்கும் என்றுதானே கல்லில் வெட்டியிருக்கிறீர்கள்?"

"சாமி தேருக்குப் போய் யாராவது காசு கேட்பார்களா?"

"கேட்க வேண்டாம். கட்டாவிட்டால் என்ன செய்வது என்றும் வெட்டியிருக்கிறீர்களே! வண்டியை இழுப்பது எதுவோ, அதைப் பிடித்துத் தோப்பில் கட்ட வேண்டும். தேரை மாடா இழுத்தது? ஊர் ஜனம் இழுத்தது. அத்தனை பேரையும் கட்ட உங்கள் தோப்பில் மரம் போதாது. அதனால் முதலில் வடம் பிடித்தவரை மட்டும் கட்டிவிடலாம். யாரங்கே! மாடு கட்டுகிற கயிறு ஒன்று கொண்டுவா. கெட்டியாக இருக்கட்டும்!"

பவளமுத்து இரண்டடி பின்வாங்கினார். "என்ன அநியாயம் இது! தேர் வழக்கப்படி நின்றது. அதற்கு யார் என்ன செய்ய முடியும்?"

"காரணம் செல்லாது என்று உங்கள் மச்சினன்..."

"செல்லும்! இந்தக் காரணம் செல்லும்!"

"தேரால் நின்ற எல்லா வண்டிக்குமா?"

கயிறு வந்துவிட்டது. "எல்லா வண்டிக்கும்தான்!" என்று அலறினார் பவளமுத்து.

"அதத்தானுங்க சாமி நானும் சொன்னேன்!" என்றாள் வீராயி தூணோரத்திலிருந்து.

சபை கொல்லென்று சிரித்தது. பவளமுத்து கயிற்றையும் பார்த்தார், வீராயியையும் பார்த்தார். "உன் காளையை ஓட்டிக்கொண்டு போ, தாயே. விட்டுவிட்டேன்" என்று சொல்லிவிட்டு வாசலை நோக்கி நடையைக் கட்டினார். வீராயி அவருக்கு முன்னால் ஓடினாள்.

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றி அம்பலவாணருக்குப் போட்டார். "பலே! நான் ஒரு வார்த்தை சொல்லாமலே ஒரு மாட்டை அவிழ்த்துவிட்டீரே!"

அம்பலவாணர் வாசல் பக்கம் பார்த்தார். பட்டு அங்கவஸ்திரம் தரையில் புரளப் பவளமுத்து ஓடிக்கொண்டிருந்தார்.

"இரண்டு, மகாராஜா."