ராசாவுக்கு அரைத்த பிரண்டைத் துவையல்

சொல்கிறேன், கேளுங்கள். ஒரு தடவைதான் சொல்வேன். நானே அலுத்துப்போய் உட்கார்ந்திருக்கிறேன்.

முன்னொரு காலத்தில் மாவலூரை மருதவாணன் என்றொரு ராசா ஆண்டான். சண்டை, சண்டை, மறுபடி சண்டை என்று அலைந்து திரும்பியவனுக்குப் பசியே செத்துப்போயிற்று. சோற்றைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொண்டான். உடம்பு நாராய் இளைத்தது.

"பிரண்டைத் துவையல் கொடுங்கள். மந்தம் போகும், பசியெடுக்கும், எலும்புக்கும் பலம்" என்றார் வைத்தியர். பிரண்டைக்கா பஞ்சம்? கோட்டை வேலியெல்லாம் அதுதான் படர்ந்து கிடந்தது.

சமையற்காரன் சடையாண்டியும் ஓய்ந்துபோன மனிதன்தான். விடிந்தால் அடுப்பு, அடைந்தால் அடுப்பு. போதாக்குறைக்கு அந்த அரண்மனையில் ஒரு வழக்கம்: ராசாவுக்குச் சமைக்கிறவன் ருசி பார்க்கக்கூடாது. எச்சிலாகிவிடுமாம்!

நார் உரித்து, நன்றாக வதக்கி, புளி வைத்தால்தான் பிரண்டை அரிக்காது. அது அவனுக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் முதல் நாள் நார் உரிக்க அலுப்பு. ராசாவுக்கு நாக்கு அரித்தது. இரண்டாம் நாள் உரித்தான், வதக்க அலுப்பு. பச்சையாகவே அரைத்து வைத்தான். ராசா தொண்டையைப் பிடித்துக்கொண்டு எழுந்தான்.

"விஷமா வைக்கிறாய்? நாளைக்கு என் கண்முன்னே நீயே தின்னு. உன் தொண்டை அரித்தால் தலை இருக்காது!"

மூன்றாம் நாள் சடையாண்டியின் அலுப்பு போன இடம் தெரியவில்லை. கையில் எண்ணெய் தடவிக்கொண்டு இளந்தண்டாகப் பார்த்து ஒடித்தான். கணு நீக்கி நார் உரித்தான். நல்லெண்ணெயில் நிறம் மாறும்வரை வதக்கினான். உளுந்தும் மிளகும் வறுத்து, புளியைத் தாராளமாக வைத்து, அம்மியில் மைய அரைத்தான்.

சபையில் உட்கார்ந்து, சுடுசோற்றில் பிசைந்து ஒரு வாய் வைத்தான். அரிக்கவில்லை. அப்பாடா! உயிர் பிழைத்த சந்தோஷத்தில் இன்னொரு வாய், இன்னொரு வாய் என்று அள்ளினான்.

அதைப் பார்க்கப் பார்க்க ராசாவுக்கு நாக்கில் நீர் ஊறியது. "எனக்கும் ஒரு உருண்டை போடப்பா" என்று கையை நீட்டினான். தின்று முடித்துவிட்டுக் கேட்டான்: "இதை முதல் நாளே இப்படிச் செய்திருக்கக் கூடாதா?"

பொய் சொல்லக்கூடச் சடையாண்டிக்குத் தெம்பில்லை. "அது உங்கள் வாய்க்கு, மகாராசா. இது என் வாய்க்கு."

ராசா விரலை நக்கிக்கொண்டான். பிறகு, "இனிமேல் நீ சாப்பிட்ட பிறகுதான் எனக்கு" என்று சொல்லி, அடுத்த உருண்டைக்குக் கை நீட்டினான்.

அலுப்பு யாருக்குத்தான் இல்லை, எனக்கும்தான் இருக்கிறது. ஆனாலும் தன் வாய்க்கென்றால் பார்க்கிற பக்குவத்தை அடுத்தவர் வாய்க்கும் பார்க்க வேண்டும்.