ஓடாத வண்டி

“பழைய ஸ்போர்ட்ஸ் கார்னா ஓடாத வண்டிக்குத்தான் விலை, அண்ணே. ஓட்ட ஓட்ட விலை போயிடும்.”

ஒரு காட்டை ஒட்டிய மலைப்பாதையில் லாரியை நிறுத்திவிட்டு டீ குடித்துக்கொண்டிருந்த இருவரில் ஒருவர் இப்படிச் சொன்னார். புதருக்குள் கிழங்கு தோண்டிக்கொண்டிருந்த முள்ளம்பன்றியின் காதில் அது விழுந்தது. வாயிலிருந்த கிழங்கை அப்படியே போட்டுவிட்டு முள்ளம்பன்றி தன் குகைக்கு ஓடியது.

காரணம் இருக்கிறது, குழந்தைகளே. அந்தக் காட்டுக்குள் பாழடைந்த பங்களா ஒன்று இருந்தது. அதன் கொட்டகையில், வாங்கியவர் ஒருநாளும் ஓட்டாமல் விட்டுப் போன இரண்டு பழைய ஸ்போர்ட்ஸ் கார்கள் நின்றன. கூரை கிடையாது. மூக்கு மட்டும் நீளம். மஞ்சள் காரை ஆமை எடுத்துக்கொண்டது. சிவப்புக் காரை முள்ளம்பன்றி தன் குகைக்குள் தள்ளி வைத்துக்கொண்டது. அன்று மாலைதான் இரண்டும் முதல் முறையாக ஓட்டிப் பார்ப்பதாக இருந்தன.

மாலையில் ஆமை வந்து ஹாரன் அடித்தது.

“கிளம்பலாமா, தம்பி?”

“நான் வரவில்லை, அண்ணே. ஓட்டினால் விலை குறையும்.”

“யார் வாங்கப் போகிறார்கள்?”

“யாராவது வருவார்கள்.”

“வரட்டும். அதுவரைக்கும் என்ன செய்வாய்?”

“துடைப்பேன்.”

ஆமை தன் வண்டியைக் கிளப்பியது. பெட்ரோலுக்குப் பதிலாக இலுப்பை எண்ணெய் ஊற்றியிருந்ததால் மஞ்சள் கார் நாலு தடவை இருமியது. பிறகு பாய்ந்தது. பிறந்ததிலிருந்து மெதுவாகவே போய்க்கொண்டிருந்த ஆமைக்குக் காற்று முகத்தில் அடித்தது அதுதான் முதல் முறை. அது சிரித்த சிரிப்பில் ஓடே அதிர்ந்தது.

அதன் பிறகு காட்டில் மஞ்சள் காரைப் பார்க்காதவர் இல்லை. ஆமை கழுத்தை நீட்டி ஓட்டும். பின்னால் குரங்குக் குட்டிகள் தொற்றிக்கொண்டு போகும். ஒருநாள் புற்றில் இடித்து மூக்கு நசுங்கியது. இன்னொரு நாள் ஆற்றில் இறங்கி, விளக்குக்குள் கெளுத்தி மீன் ஒன்று குடியேறியது. ஆமை அதையும் கூட்டிக்கொண்டு சுற்றியது.

சிவப்புக் காரோ குகைக்குள் நின்றது. அதற்குத் தேக்கிலையில் தைத்த உறை. அதை முள்ளம்பன்றி துடைத்தது. துடைத்ததைத் திரும்பவும் துடைத்தது. முள் குத்திச் சீட்டு கிழிந்துவிடுமே என்று ஒருநாள்கூட அதில் உட்காரவில்லை. குகையில் இருவருக்கு இடமில்லாததால் மழையில் வெளியேதான் படுத்தது. மழைக்காலம் வந்தது, போனது, மறுபடியும் வந்தது.

கடைசியில் ஒருநாள் யானை தன் குட்டியோடு வந்தது. கீழ்ச்சரிவில் இருந்த பலாத்தோப்பு முழுவதும் யானைக்குச் சொந்தம். பலாப்பழம் என்றால் முள்ளம்பன்றிக்கு உயிர்.

“என் குட்டி கார் வேண்டும் என்று அடம்பிடிக்கிறது. நல்ல வண்டியாக இருந்தால் தோப்பையே தருகிறேன்” என்றது யானை.

முள்ளம்பன்றிக்கு முள்ளெல்லாம் சிலிர்த்தது. மெதுவாக உறையை விலக்கியது. சிவப்புக் கார் தகதகவென்று மின்னியது.

“அழகாக இருக்கிறதே. வண்டி எப்படி?”

“ஓடவே இல்லை, அம்மா” என்றது முள்ளம்பன்றி பெருமையாக.

யானையின் காதுகள் தொங்கிப்போயின. “அடடா. எத்தனை நாளாக?”

“வந்த நாள் முதலாக. ஒரு முழம்கூட ஓடியதில்லை.”

“யாரிடமாவது காட்டினாயா?”

“யாரையும் தொடவே விட்டதில்லை. இப்படி ஓடாத ஒரு வண்டியை இந்த மலையிலேயே பார்க்க முடியாது.”

“அது தெரிகிறது” என்றது யானை. “இனிமேலாவது ஓடுமா?”

“நான் உயிரோடு இருக்கும்வரை ஓடாது. சத்தியம்.”

யானை தும்பிக்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டது. ஒரே ஒரு பலாப்பழத்தை எடுத்து முள்ளம்பன்றியின் முன்னால் வைத்தது. “இதைச் சாப்பிடு. மனதைத் தளரவிடாதே. காட்டுக்கோழிகள் முட்டையிட இடம் தேடுகின்றன. வண்டியை அவற்றுக்குக் கொடுத்துவிடு.”

“முட்டையிடவா?” என்றது முள்ளம்பன்றி.

அந்த நேரம் பார்த்து மஞ்சள் கார் சேற்றை வாரி இறைத்துக்கொண்டு வந்து நின்றது.

“இது ஓடுகிறதே” என்றது யானை. “ஆமையாரே, தோப்பை எடுத்துக்கொள்ளும். வண்டியைக் கொடும்.”

“விற்றுவிட்டு நான் எதில் போவேன்? நடந்தா?” என்றது ஆமை. “அம்மா, நான் நடந்து நீங்கள் பார்த்ததில்லை. பார்த்திருந்தால் கேட்டிருக்க மாட்டீர்கள்.”

யானை திரும்பி நடக்கத் தொடங்கியது. முள்ளம்பன்றி பின்னால் ஓடியது.

“அம்மா, என் வண்டியும் ஓடும்.”

“இப்போதுதானே ஓடாது என்று சத்தியம் செய்தாய்?”

“அது வேறு ஓடாது, அம்மா. நீங்கள் நினைப்பது வேறு ஓடாது.”

“இரண்டு ஓடாதையும் சேர்த்தால் ஓடுமா?” என்று கேட்டது ஆமை. குரங்குக் குட்டிகள் விழுந்து விழுந்து சிரித்தன.

“சரி, ஓட்டிக் காட்டு. ஓடினால் தோப்பு உனக்குத்தான்” என்றது யானை.

முள்ளம்பன்றி சாவியைக் கையில் வைத்துக்கொண்டு விழித்தது. ஓட்டினால் அது ஓடாத வண்டி இல்லை. ஓட்டாவிட்டால் அது ஓடாத வண்டியேதான்.

“ஏறு, தம்பி. நான் பக்கத்தில் உட்கார்கிறேன்” என்றது ஆமை.

முள்ளம்பன்றி ஏறி உட்கார்ந்தது. சீட்டில் படபடவென்று ஓட்டைகள் விழுந்து பஞ்சு எட்டிப் பார்த்தது. ஆமை இலுப்பை எண்ணெய் ஊற்றியது. குரங்குக் குட்டிகள் பின்னாலிருந்து தள்ளின. வண்டி இருமியது, தும்மியது, சரிவில் உருண்டது, உறுமியது. மீட்டரில் வரிசையாக நின்ற பூஜ்யங்களில் கடைசிப் பூஜ்யம் அசைந்து ஒன்றாக மாறியது. அதைப் பார்க்கத் தாங்காமல் முள்ளம்பன்றி கண்ணை மூடிக்கொண்டது.

“கண்ணைத் திற. எதிரே மரம்” என்றது ஆமை.

முள்ளம்பன்றி கண்ணைத் திறந்து வண்டியைத் திருப்பியது. காற்று அதன் முட்களுக்குள் புகுந்து விசில் அடித்தது. வயிற்றுக்குள் கிச்சுகிச்சு மூட்டியதுபோல இருந்தது. அது சிரித்தது. சிரித்த வேகத்தில் ஆக்ஸிலரேட்டரை இன்னும் அழுத்தியது.

குன்றை ஒரு சுற்றுச் சுற்றி வந்தபோது யானை பாதையோரம் தும்பிக்கையை ஆட்டிக்கொண்டு நின்றது. “ஓடுகிறது, ஓடுகிறது. நிறுத்து. தோப்பு உனக்குத்தான்.”

“இதோ, ஒரே ஒரு சுற்று, அம்மா” என்று கத்திவிட்டுப் போனது முள்ளம்பன்றி.

மறுபடி வந்தபோது யானை, “மாந்தோப்பையும் சேர்த்துத் தருகிறேன்” என்றது.

“என்ன சொன்னார்கள்?” என்று முள்ளம்பன்றி ஆமையிடம் கேட்டது.

“மாந்தோப்பு என்றார்கள்.”

“சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை, அண்ணே” என்றது முள்ளம்பன்றி.

மூன்றாவது முறை யானை பாதையின் நடுவிலேயே வந்து நின்றுகொண்டது. முள்ளம்பன்றி வண்டியின் வேகத்தைக் குறைத்தது. கதவைத் திறந்து, யானைக்குட்டியைப் பின்னால் ஏற்றிக்கொண்டது. பிறகு ஹாரனை அழுத்தியபடி ஆற்றுப் பாதையில் திரும்பிப் போனது.

நீதி: என்றோ வரப்போகும் விலைக்காக ஒரு பொருளைப் பூட்டி வைத்தால், அது தரும் மகிழ்ச்சியும் உள்ளேயே பூட்டிக் கிடக்கும்.