நூறு எண்ணும்வரை காலை நீட்டிய நரி

குளத்துக்குப் போகும் வாய்க்காலின் இந்தப் பக்கம் ஒரு முட்புதர். அதில் கூர்ச்செவி என்ற முயல் இருந்தது. ஏன், எதற்கு என்று கேட்காமல் அது ஒரு புல்லைக்கூடக் கடிக்காது.

இளம்புல் எல்லாம் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம். கூர்ச்செவி தினமும் விடியற்காலையில் ஓடிப்போய், ஒரே தாவலில் வாய்க்காலைத் தாண்டிவிடும். நெடுமூக்கன் என்ற நரியும் தினமும் துரத்தும். கரை வரைக்கும் வந்து நின்றுவிடும். அதன் தொந்தி அப்படி! மதகு வழியாக நரி சுற்றி வருவதற்குள் முயல் வயிறு நிறைந்து இந்தப் பக்கம் திரும்பியிருக்கும்.

'இவன் தாவல் ஒரு சாண் குறைந்தால் போதும், என் பசி தீரும்' என்று கணக்குப் போட்டது நரி.

ஒரு நாள் புதருக்கு வெளியே வந்து உட்கார்ந்தது. குரலில் தேன் ஒழுகியது.

"தம்பி, ஓடறதுக்கு முன்னாடி காலை நீட்ட மாட்டியா?"

"ஏன் அண்ணே நீட்டணும்?"

"காட்டுப்பூனையைப் பாரு! எழுந்ததும் உடம்பை நீட்டுதா இல்லையா? நீயும் படுத்த இடத்துலேயே பின்னங்காலை நல்லா இழுத்து, நூறு எண்ணுற வரைக்கும் அசையாம இரு. கால் நீளும். வாய்க்கால் என்ன, குளத்தையே தாண்டலாம்!"

கூர்ச்செவிக்கு ஆசை வந்துவிட்டது. கூடவே சந்தேகமும் வந்தது. கால் நீளுமா? எவ்வளவு நீளும்? அளந்து பார்க்காமல் அதற்குத் தூக்கம் வராது.

புதருக்கு நடுவே கொஞ்சம் வெற்றிடம் இருந்தது. அங்கே நரி நுழைய முடியாது. கூர்ச்செவி, தான் வழக்கமாகத் தாவி விழும் தூரத்தில் மண்ணில் ஒரு கோடு கிழித்தது. மறுநாள் பனிக்குளிரில் எழுந்ததும், நரி சொன்னபடியே நூறு எண்ணும்வரை காலை இழுத்துப் பிடித்தது. பிறகு தாவியது. கோட்டைத் தொடவே இல்லை! தொடையில் சுரீர் என்றது வேறு. நல்லவேளை, அது வாய்க்காலாக இருந்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

வலி போனதும் அடுத்த சோதனை. முதலில் நடந்தது, மெல்ல ஓடியது, சின்னச் சின்னதாகக் குதித்தது. உடம்பு சூடானதும் தாவியது. கோட்டுக்கு அப்பால் போய் விழுந்தது!

பூனையையும் முள்ளிடுக்கு வழியாகக் கவனித்தது. பூனை எங்கே நூறு எண்ணியது? ஒரு கொட்டாவி விடும் நேரம்தான் நீட்டியது. பிறகு நடக்க ஆரம்பித்துவிட்டது.

'அண்ணனுக்கு என்மேல் இவ்வளவு பாசம் ஏன் என்று இப்போதல்லவா புரிகிறது!' கூர்ச்செவிக்குக் கோபமும் வந்தது, சிரிப்பும் வந்தது.

மறுநாள் விடியலில் நரி வந்தது. ராத்திரி முழுக்கப் பனியில் படுத்திருந்ததில் அதன் உடம்பு விறைத்துப் போயிருந்தது.

"என்ன தம்பி, செஞ்சியா?"

"நூறு வரைக்கும் தாங்க முடியல அண்ணே! உங்களால முடியுமா?"

"நூறா? இருநூறு எண்ணு, பார்க்கலாம்!"

முயலின் மெல்லிய காலுக்குத்தான் அது ஆகாது, தன் கால் திடம் என்று நரிக்கு நினைப்பு. உடனே பின்னங்காலை நீட்டி இழுத்துப் பிடித்தது. கூர்ச்செவி புதருக்குள் சத்தமாக எண்ணியது. எண்ணிக்கொண்டே நடந்தது, ஓடியது, குதித்தது. முள்ளுக்கு உள்ளே நடப்பது நரியின் கண்ணுக்குத் தெரியவில்லை.

"நூத்தித் தொண்ணூத்தொன்பது... இருநூறு!"

முயல் புதரை விட்டுப் பாய்ந்தது. நரியும் விடாமல் பாய்ந்தது. காலை இழுத்து வலி கண்டிருக்கும் இவன் இன்றைக்கு வாய்க்காலில் விழுவான் என்ற நம்பிக்கையில் கரையில்கூட நிற்கவில்லை. முயல் தாண்டியது. நரியும் எட்டித் தாவியது. தொடையில் தசை பிடித்துக்கொள்ள, பாதி வழியிலேயே தொப்பென்று சேற்றில் விழுந்தது!

"ஐயோ, என் காலு!"

அக்கரையில் கூர்ச்செவி நிதானமாக ஒரு பின்னங்காலை நீட்டியது. பிறகு மற்றதை நீட்டியது.

"அடப்பாவி! இப்ப மட்டும் ஏன் நீட்டறே?" என்று சேற்றிலிருந்து கத்தியது நரி.

"நீட்டறது தப்பில்லை அண்ணே! ஓடறதுக்கு முன்னாடி உடம்பைச் சூடாக்கணும். நீட்டி நிக்கிறதை ஓடி முடிச்ச பிறகு வெச்சுக்கணும். அதுவும் மெதுவா, வலிக்காத அளவுக்கு."

"இதை யாருடா உனக்குச் சொன்னது?"

"நீங்க சொன்னதைத்தான் அண்ணே, ஒரு கோடு கிழிச்சுப் பார்த்தேன்!"

நரி நொண்டி நொண்டி மதகைச் சுற்றி வருவதற்குள் முயல் வயிறாரப் புல் தின்றுவிட்டு, திரும்பவும் இந்தப் பக்கம் தாவிவிட்டது.

யார் என்ன யோசனை சொன்னாலும், ஆபத்தில்லாத இடத்தில் சோதித்துப் பார்த்த பிறகே அதை நம்ப வேண்டும்.