தாளாளர் கண்ட ஒடுக்கு

இல்லாமல் போன ஒடுக்கைத் தொட்டுக் காட்டக்கூடியவர் யார், சொல்லுங்கள் பார்ப்போம்?

சமுதாயக் கல்லூரித் தாளாளர் தமது காரை டிங்கரிங் வகுப்புக்கு அனுப்பிவிட்டுப் பின்னாலேயே வந்தார். "டிரைவர் சுடலை எங்கேயோ இடிச்சிருக்கான். நான் அந்த ஒடுக்கைப் பார்க்கக்கூட இல்லை. நாளைக்கு அது இருந்த இடத்தை நான் கண்டுபிடிச்சிட்டா, அவனுக்கு வேலை கிடையாது."

மாணவி ஜெசிந்தா ஒடுக்கெடுத்து, பட்டி பார்த்து, பெயிண்ட் அடித்தாள். ஆசிரியர் விளக்குப் பிடித்துத் தேடியும் இடம் தெரியவில்லை.

மறுநாள் பேத்தியோடு வந்த தாளாளர் நேராகப் பின்கதவில் விரலை வைத்தார். "இதோ, இங்கேதான்!"

"சரியாச் சொல்லிட்டீங்க ஐயா," என்றாள் ஜெசிந்தா. "பார்க்காத ஒடுக்கு இருந்த இடம் எப்படித் தெரிஞ்சுது? இடிச்சவருக்குத்தானே தெரியும்?"

தாளாளர் விரலைத் துடைத்துக்கொண்டார். "வாம்மா, தாத்தா ஓட்டறேன், வீட்டுக்குப் போகலாம்."

பேத்தி அவரிடமிருந்து சாவியை வாங்கி, ஓரமாக நின்றிருந்த சுடலையிடம் கொடுத்தாள்.