புனுகுப்பூனையின் கடைசிக் கட்டணம்

வெயில் தரையைத் தொடாத ஒரு காட்டில் கூராயி என்றொரு முள்ளம்பன்றி இருந்தது. அதற்கு ஒரு வளை, வளைக்குள் இரண்டு குட்டிகள். கூராயியிடம் ஒரு குணம் உண்டு. புரியாத பேச்சைப் புரிந்ததுபோல் தலையாட்டாது. குழந்தைகளே, உங்களில் எத்தனை பேருக்கு அந்தக் குணம் இருக்கிறது என்று நான் கேட்கப் போவதில்லை.

மழை பொய்த்த ஒரு வருடம், குட்டிகளின் பசியைப் பார்க்கப் பொறுக்காமல் கூராயி தன் வளையை அடகு வைத்தது. அந்தக் காட்டில் அடகு பிடிப்பது புனுகுப்பூனை மட்டும்தான். அதன் குகை நிறையக் கிழங்கு. அடகு வாங்கியதும் வளையின் வாசலில் தன் புனுகைத் தடவிவிடும். அந்த வாசம் இருக்கும்வரை வளை பூனையுடையது. கடன் தீர்ந்தபின் பூனையே வந்து நகத்தால் சுரண்டினால்தான் வாசம் போகும். வேறு யார் சுரண்டினாலும் போகாது.

கடன் பேசுவதற்கு அங்கே ஒரு வழக்கம் உண்டு. கொடுப்பவரும் வாங்குபவரும் சுனைக்கரையில் நின்று, பேசியதை மூன்று முறை உரக்கச் சொல்ல வேண்டும். அவர்கள் இருவரும் அப்படித்தான் சொன்னார்கள்: "கடன் நாற்பது கிழங்கு. அமாவாசைக்கு இரண்டாக, வட்டியோடு ஐம்பது கிழங்கு. தீர்ந்ததும் வாசம் சுரண்டப்படும்."

கூராயி வயிற்றைக் கட்டி வாயைக் கட்டிக் கடனை அடைத்தது. இன்னும் மூன்று அமாவாசை இருக்கும்போதே கடைசி ஆறு கிழங்கும் சேர்ந்துவிட்டன. அதற்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அன்றே கிழங்குகளை எடுத்துக்கொண்டு கிளம்பியது.

உச்சிவேளை. ஒரு சில்வண்டுகூடக் கத்தவில்லை. குகையை நெருங்க நெருங்கப் புனுகு வாசம் கனத்தது. முதலில் இனிப்பாக இருந்தது, பிறகு தலையைச் சுற்றியது.

குகைச் சுவரை ஒட்டி ஆறு பேர் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். முதலில் ஆமை, அதன் முதுகில் பாசி படர்ந்திருந்தது. அடுத்து மான், அதன் கொம்புகளுக்கு நடுவே சிலந்தி வலை கட்டியிருந்தது. அப்புறம் காட்டுப்பன்றி. அதற்கப்பால் இருட்டு. கடைசியில் இருந்த உடும்பு நிழலாகத்தான் தெரிந்தது. எல்லோரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

"ஆமையண்ணே, இங்கே என்ன செய்கிறீர்கள்?" என்று கேட்டது கூராயி.

"கடன் தீர்ந்துவிட்டது. ஒரே ஒரு கட்டணம் பாக்கி" என்றது ஆமை, தலையைத் தூக்காமல்.

"எத்தனை நாளாக?"

ஆமை யோசித்தது. யோசித்துக்கொண்டே இருந்தது. கூராயிக்கு முதுகு முள்ளெல்லாம் சிலிர்த்தது.

இருட்டிலிருந்து இரண்டு கண்கள் மெல்ல நகர்ந்து வந்தன. புனுகுப்பூனை ஒருபோதும் உரக்கப் பேசாது. ஆறு கிழங்கையும் வாங்கி எண்ணிப் பின்னால் வைத்துவிட்டு, கூராயியின் காதோரம் குனிந்தது.

"நல்லது, கூராயி. இன்னும் எட்டுக் கிழங்கு கொடு."

"எட்டா? எதற்கு, ஐயா?"

"மெதுவாகப் பேசு. நாலு பேருக்குத் தெரிந்தால் உனக்குத்தானே அவமானம்? இல்லாவிட்டால் அப்படி உட்கார். உடும்புக்குப் பக்கத்தில் இடம் இருக்கிறது. உட்காருவதற்குத் தினம் ஒரு கிழங்குதான் வாடகை. கட்டணம் தீரும்வரை வளை என்னுடையது. பொழுது சாய்வதற்குள் உன் குட்டிகளை வெளியே வரச் சொல்லிவிடு."

வெளியே நரிகள் திரிகின்றன. குட்டிகளுக்கு இன்னும் முள் முற்றவில்லை. உட்கார்ந்துவிடலாமா என்றுகூட ஒரு கணம் கூராயிக்குத் தோன்றியது. அந்த வாசத்துக்கு அப்படி ஒரு மயக்கம். ஆனால் புரியாத பேச்சுக்கு அதன் தலை ஆடவே மாட்டேன் என்றது.

"ஐயா, எனக்கு இந்தக் காது மந்தம். எதற்கு என்று இன்னொரு முறை சொல்லுங்கள்."

பூனை மறுபக்கம் வந்தது.

"இந்தக் காது அதைவிட மோசம், ஐயா. கிட்டே வாருங்கள்."

பூனை கிட்டே வந்தது. கூராயி பயந்ததுபோல் உடம்பை உதறியது. முட்கள் அத்தனையும் நிமிர்ந்தன. ஒரு முள் பூனையின் மூக்கில் தைத்தது.

"ஐயோ, மன்னியுங்கள். பயத்தில் முள் தானாக நிற்கிறது. தள்ளி நின்று கொஞ்சம் சத்தமாகச் சொல்லிவிடுங்களேன்."

மூக்கு வலியில் பூனைக்கு ஆத்திரம் பொங்கியது. "செவிட்டுப் பிண்டமே, கேள்! முன்கூட்டி அடைத்ததற்கு அபராதம் நாலு! புனுகு தேய்மானம் இரண்டு! சுரண்டும் நகத்துக்கு ஒன்று! எண்ணிய களைப்புக்கு ஒன்று! ஆக எட்டு!"

குகை முழுக்க அந்தக் குரல் மோதித் திரும்பியது. உட்கார்ந்திருந்தவர்களின் காதுகள் அசைந்தன.

"முன்கூட்டி அடைத்தால் அபராதமா?" என்றது ஆமை. அது பேசி எத்தனையோ நாள் ஆகியிருக்க வேண்டும், குரல் கரகரத்தது. "நான் ஒரு நாள் பிந்தி வந்தேன். பிந்தியதற்கு நாலு என்றாயே?"

"நான் சொன்ன நாளிலேயே வந்தேன்" என்றது மான். "எல்லோரும் வரும் நாளில் வந்த நெரிசலுக்கு நாலு என்றாய். நான் ஒருவன்தான் அன்று வந்திருந்தேன்."

"எனக்கும் எட்டுத்தான்" என்று உறுமியது காட்டுப்பன்றி. "எனக்கு மட்டும்தான் என்று நினைத்து, வெட்கத்தில் வாய் திறக்காமல் இருந்தேன்."

கூராயி பூனையை நேராகப் பார்த்தது. "சுனைக்கரையில் மூன்று முறை சொன்னோமே, அதில் இவற்றில் ஒன்றாவது இருந்ததா, ஐயா?"

"இதெல்லாம் வழக்கம்" என்றது பூனை. அதன் குரல் மறுபடி தணிந்துவிட்டது. "இதுவரை யாரும் கேட்டதில்லை."

"இன்றைக்கு நான் கேட்கிறேன். வாருங்கள், சுனைக்குப் போவோம். எட்டுக் கிழங்கு எதற்கு என்று மூன்று முறை உரக்கச் சொல்லுங்கள், காடு கேட்கட்டும். நியாயம் என்று காடு சொன்னால் பதினாறாகத் தருகிறேன்."

பூனை இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை.

மான் எழுந்தது. கொம்பில் இருந்த வலை அறுந்து தொங்கியது. ஆமை எழுந்தது, பன்றி எழுந்தது, மற்ற இருவரும் எழுந்தார்கள். ஒவ்வொருவர் தலைக்கு மேலும் சுவரில் நகக்கீறல்கள் வரிசையாக இருந்தன. உட்கார்ந்த நாளுக்கு ஒரு கீறல், ஒரு கீறலுக்கு ஒரு கிழங்கு.

உடும்பு மட்டும் எழவில்லை.

"வாருங்கள், அண்ணே. கட்டணம் ஒன்றும் கிடையாதாம்" என்று கூராயி அதன் தோளைத் தொட்டது. காய்ந்த தோல் சரசரத்து உள்ளே மடங்கியது. உள்ளே எலும்புதான் இருந்தது. அது செத்து இரண்டு கோடையாவது ஆகியிருக்கும்.

அதன் தலைக்கு மேல் சுவர் முழுக்கக் கீறல்கள். கடைசிக் கீறலில் இருந்து மண் இன்னும் உதிர்ந்துகொண்டிருந்தது. அன்று காலை போட்ட கீறல் அது.

காட்டுப்பன்றி தன் கொம்புப் பற்களைச் சுவரில் ஒரு முறை தீட்டியது, அவ்வளவுதான். புனுகுப்பூனை எல்லோருக்கும் முன்னால் ஓடியது. முதலில் கூராயியின் வளை. பூனை சுரண்டச் சுரண்ட வாசம் மறைந்தது. உள்ளே இருந்து இரண்டு குட்டிகளும் எட்டிப் பார்த்தன. அவற்றைப் பார்த்ததும் கூராயிக்கு அழுகையே வந்துவிட்டது.

பொழுது சாய்வதற்குள் பூனை ஏழு இருப்பிடங்களின் வாசலையும் சுரண்டி முடித்தது. ஏழாவது உடும்பின் பொந்து. வாசம் சுத்தமாகப் போய்விட்டது. உள்ளே போகத்தான் ஆள் இல்லை.

நீதி: காதோடு காதாகக் கேட்கும் கட்டணத்துக்கு நாலு பேர் அறியக் காரணம் கேள், உட்காருவதற்கு முன்பே கேள்.